திக்கும் நாவும் ஓடும் காலும்



நம் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பழகிய ஓட்டுநர், வளைவில் சிக்கிக்கொண்ட பிறகு கியரை மாற்றுவதில்லை. வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, நிதானமாக வண்டியைத் திருப்புகிறார். விளையாட்டு வீராங்கனையின் பயிற்சியிலும், திக்குவாய் உள்ளவரின் பேச்சுப் பயிற்சியிலும் இந்த நிதானமே முதல் பாடம். இவ்விரு பயிற்சிகளும் எங்கே ஒத்திருக்கின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைக் காண்போம்.

திக்குவாய் என்பது யாது?

சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாக இருக்கும். ஆனால் முதல் ஒலி திரும்பத் திரும்ப வரும், அல்லது நீளும், அல்லது ஒலியே எழாமல் அடைபடும். இது பெரும்பாலும் 2 வயது முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் இது தோன்றுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நாளடைவில் மறைந்துவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் நிலைத்துவிடுகிறது.

அறிவுக் குறைவோ, கோழைத்தனமோ, பெற்றோர் வளர்ப்போ இதற்குக் காரணம் அன்று. பேச்சை இயக்கும் மூளையின் செயற்பாட்டில் உள்ள வேறுபாடும் பரம்பரையும் இதில் பெரும் பங்கு கொள்கின்றன என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். காலை வழிபாட்டில் எல்லாரோடும் சேர்ந்து செபம் சொல்லும்போது திக்காத மாணவி, வருகைப் பதிவின்போது தனியே ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லத் திணறுவாள். அவள் நடிக்கிறாள் என்று எண்ணலாகாது. சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் குறைவது இதன் இயல்பு.

ஒற்றுமைகள்

நம் மலைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தில் பிறந்தவர் கே. எம். பீனாமோள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை சென்றார். 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 800 மீட்டர் என்பது மைதானத்தை இருமுறை சுற்றுவது. முதற் சுற்றிலேயே வலிமை முழுவதையும் செலவிட்டவள் இரண்டாம் சுற்றில் தளர்ந்துவிடுவாள். அதுபோலவே, ‘திக்குமுன் சொல்லி முடித்துவிட வேண்டும்’ என்று விரைபவருக்கு உதடும் தொண்டையும் இறுகிச் சொல் மேலும் அடைபடும். ஆகவே மூச்சைத் தளர விட்டு முதல் ஒலியை மென்மையாக எழுப்பப் பழக்குகிறார்கள்.

இரண்டாவது, சிறிது சிறிதாகக் கற்றல். தடை ஓட்டம் கற்பிப்பவர், முன்னே செல்லும் காலைத் தனியாகவும் பின்னே வரும் காலைத் தனியாகவும் பழக்கிய பிறகே முழுத் தடையையும் தாண்டச் செய்கிறார். பேச்சுப் பயிற்சியிலும் முதலில் ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம், பிறகு தோழியுடன் உரையாடல், பிறகு தொலைபேசி, இறுதியில் மேடை எனப் படிப்படியாகவே ஏற வேண்டும்.

மூன்றாவது, தவறிய பின் செய்வது. தாமும் திக்குவாய் உடையவரான அமெரிக்க அறிஞர் சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) ஒரு வழி வகுத்தார். ஒரு சொல்லில் திக்கினால், அஞ்சி அதை விட்டு ஓடாமல், சற்று நிறுத்தி, அதே சொல்லை இலகுவாக மீண்டும் சொல்ல வேண்டும். தவறிய தாண்டலை மறுபடி செய்து பார்க்கும் வீராங்கனையின் முறை அன்றோ இது!

இவ்விரு பயிற்சிகளையும் தம் வாழ்விலேயே கண்டவர் பாப் லவ். 1970களில் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் பெருமைக்குரிய வீரராக விளங்கியும், கடுமையான திக்குவாயால் அவர் பேட்டிகளில் பேச இயலாது தவித்தார். முதுகுக் காயத்தால் ஆட்டம் முடிந்தபின் உணவகம் ஒன்றில் எச்சில் தட்டுகளை எடுக்கும் வேலை செய்தார். நாற்பது வயதைக் கடந்த பிறகே முறையான பேச்சுப் பயிற்சி பெற்றார். பின்னர் தம் பழைய அணியிலேயே மக்கள் தொடர்புப் பணியேற்று, பள்ளிகள்தோறும் சென்று மாணவர்களிடம் உரையாற்றினார். அவர் 2024இல் மறைந்தார்.

ஒரு பெரும் வேற்றுமை

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடிகளில் ஓடினார். மூன்றாம் இடம் பெற்றவரின் நேரம் 55.41. நொடியில் நூறில் ஒரு பங்கால் பதக்கம் கைநழுவியது. மைதானத்தில் கடிகாரமே நீதிபதி. பேச்சுக்கு அத்தகைய கடிகாரம் எதற்கு?

கேரளத்தின் முதல் முதலமைச்சராக 1957இல் பதவியேற்ற இ. எம். எஸ். நம்பூதிரிபாட் திக்குவாய் உடையவர். அது அவரை விட்டு நீங்கவில்லை. ஆயினும் அவர் சட்டமன்றத்திலும் பொதுமேடையிலும் பேசினார்; மக்கள் காத்திருந்து கேட்டனர். ஆகவே திக்காமல் பேசுவது மட்டுமே வெற்றி அன்று. திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதும் வெற்றியே.

நாம் செய்ய வேண்டுவன

வசம்பை நாவில் தேய்ப்பதும், கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசுவதும் திக்குவாய்க்கு மருந்தாகா. பெரிய அரசு மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேட்டறியலாம். மைசூரில் 1965இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் இதற்கெனவே உள்ள மத்திய அரசு நிறுவனமாகும்.

திக்குவாய் உள்ள சகோதரியே! விடை தெரிந்தும் கையைத் தாழ்த்திக்கொள்ளாதே. இன்று வகுப்பில் ஒரே ஒரு விடையைச் சொல். நாளை இரண்டு சொல்.

மற்றத் தோழியரே! அவள் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். ‘சீக்கிரம் சொல்’ என்றோ ‘பதறாதே’ என்றோ கூறாதீர்கள். பட்டப்பெயர் வைத்துச் சிரிக்காதீர்கள். வீராங்கனைக்கு நல்ல மைதானம் எப்படியோ, அப்படியே அவளுக்குப் பொறுமையான செவிகள். அவள் முகத்தைப் பார்த்து, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். நீங்கள் அளிக்கக்கூடிய பயிற்சி அதுவே.