குண்டுப் பூனைக்கு ஏன் மூச்சிரைக்கிறது?

எங்கள் மாடி வீட்டுப் பூனைக்கு ‘குண்டன்’ என்று பெயர். எடை ஏழரைக் கிலோ. நான்கு படி ஏறும். ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடும். “என்ன சொகுசு பாருங்க!” என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அது சொகுசல்ல, மூச்சு வாங்குவதால்தான் உட்காருகிறது.

நம்பிக்கை: கொழுகொழுவென்று இருந்தால்தான் பூனை ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

உண்மை: வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ வரை இருக்கும். உரிய எடையைவிட 20 சதவீதம் கூடினாலே அது உடல் பருமன்தான். 4 கிலோ இருக்கவேண்டிய பூனைக்கு 800 கிராம் கூடுவது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 60 கிலோ மனிதர் 12 கிலோவைக் கூடுதலாகச் சுமந்து திரிவதற்கு அது சமம். விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

நம்பிக்கை: கொழுப்பு தோலுக்கடியில்தானே இருக்கிறது, அதற்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

உண்மை: வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும்கூடக் கொழுப்பு சேரும். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் வயிற்றுப் பக்கம் நகர்ந்தால்தான் நுரையீரல் விரியும். வயிறு நிறையக் கொழுப்பிருந்தால் அது நகர இடமிருக்காது. நெஞ்சைச் சுற்றிய கொழுப்போ விலாக்களை விரியவிடாது. ஒவ்வொரு மூச்சிலும் காற்று குறைவதால், பூனை வேகவேகமாக மூச்சு விடுகிறது. ஆஸ்துமா உள்ள பூனைக்கும், சப்பை மூக்குப் பெர்சியனுக்கும் இது இரட்டைச் சுமை. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதிலும் ஆபத்து கூடும்.

நம்பிக்கை: நாயைப் போலப் பூனையும் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பயப்பட ஒன்றுமில்லை.

உண்மை: நாய்க்கு அது உடம்பைக் குளிர்விக்கும் வழி. பூனை அப்படிச் செய்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஈறு வெளிறினாலோ நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. “குண்டாக இருக்கிறது, அதனால்தான்” என்று நாமே முடிவு கட்டவும் கூடாது. இதய நோயோ, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதோ காரணமாக இருக்கலாம். பூனை அசந்து தூங்கும்போது நெஞ்சைக் கவனியுங்கள். ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. 30 நொடிக்கு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விடை அடிக்கடி 30ஐத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். ‘குர்ர்’ என்று கொஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் எண்ணினால் கணக்கு தப்பும்.

நம்பிக்கை: இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாக இளைத்துவிடும்.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பருத்த பூனை சில நாள் சாப்பிடாவிட்டால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்க் குவிந்து உயிருக்கே உலை வைக்கும். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீத அளவுக்குக் குறைந்தாலே போதும். குண்டனுக்கு அது வெறும் 75 கிராம்.

மருத்துவர் சொன்னபடி, இப்போது அந்த வீட்டில் பூனைத் தீவனத்தைக் கைப்பிடிக் கணக்கில் போடுவதில்லை. சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அரைக் கிலோ குறைந்திருக்கிறது. நேற்று குண்டன் உட்கார்ந்தது ஒன்பதாவது படியில்.