காய் இனித்தது, விதை கசந்தது



"அண்ணே, நீங்க குடுத்த சுரை நல்லாக் காய்ச்சிருச்சு. ஆனா வாயில வைக்க முடியல, அப்படிக் கசக்குது."

தொலைபேசியில் இதைச் சொன்னவர் மூன்று வருசமாக எங்கள் தோட்டத்தில் காய்கறி வாங்குகிற தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வந்துவிடுவார். எங்கள் குண்டுச்சுரையின் ருசி பிடித்துப்போய், "மாடியில போட்டுப் பாக்குறேன், விதை குடுங்க" என்று கேட்டார். முற்றிய நெற்றை உடைத்துப் பத்து விதை கொடுத்தேன். அந்த நெற்று தொங்கிய கொடியின் காயைத்தான் எங்கள் வீட்டிலும் கூட்டு வைத்தோம். தேனாக இருந்தது.

நான் கேட்ட முதல் கேள்வி, "சமைச்சுச் சாப்பிட்டீங்களா?"

"இல்லண்ணே. நறுக்கும்போதே சின்னவன் ஒரு துண்டை வாயில போட்டுட்டுத் துப்பிட்டான். அதனாலதான் தெரிஞ்சுது."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கசக்கும் சுரைக்காய் விளையாட்டுக் காரியம் இல்லை. குக்கர்பிட்டாசின் என்கிற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. வேகவைத்தாலும் அது போகாது. கசந்த சுரைச்சாற்றைக் குடித்தவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி, இரத்த வாந்தி வரை வந்திருக்கிறது; நம் நாட்டில் உயிரும் போயிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு வைத்து ஆராய்ந்து, கசந்தால் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. 'கசப்பு உடம்புக்கு நல்லது' என்ற பேச்சு பாகற்காயோடு நிற்கட்டும்.

நல்ல காயிலிருந்து எடுத்த விதை ஏன் கசந்தது? எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு பட்டம் முழுசும் ஆனது. விதை வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

காய் தாயைச் சொல்லும். விதைக்குள் தகப்பனும் உண்டு

முதலில் தங்கச்சி மேலேயே பழியைப் போட்டேன். மாடி வெயிலு, தண்ணி பத்தியிருக்காது என்று நினைத்தேன். பிறகு அதே நெற்றில் மிச்சமிருந்த ஆறு விதையை என் தோட்டத்திலேயே ஊன்றினேன். நாலு கொடி தேறியது. மூன்றில் காய் கசந்தது. அதற்குமேல் யாரைக் குறை சொல்ல?

எங்கள் ஊர் அப்பத்தா ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். "போன வருசம் கம்மாக்கரையில பேய்ச்சுரை பூத்துக் கெடந்துச்சே, நீ பாக்கலையா?"

விசயம் இதுதான். சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூச்சி வந்தால்தான் மகரந்தம் சேரும். அந்தப் பூச்சி என் வேலிக்குள் மட்டும் மேய்வதில்லை. கம்மாக்கரைப் பேய்ச்சுரையில் உட்கார்ந்துவிட்டு என் குண்டுச்சுரைக்கும் வந்திருக்கிறது. நாம் தின்கிற சதை தாய்க்கொடியின் உடம்பு. அதில் தகப்பன் யாராக இருந்தாலும் ருசி மாறாது. உள்ளே இருக்கும் விதைதான் அடுத்த தலைமுறை. கலப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஒரே நெற்றுக்குள் நல்ல விதையும் கலந்த விதையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

ஆகவே, காய் வாங்கும்போது நாக்கை நம்பலாம். விதை வாங்கும்போது நாக்கு உதவாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எது கலக்கும், எது கலக்காது

சுரைக்குச் சுரைதான் கலக்கும். சுரையும் பீர்க்கும் அடுத்தடுத்த பந்தலில் படர்ந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் நீட்டுச்சுரையும் குண்டுச்சுரையும் கலக்கும், பேய்ச்சுரையும் கலக்கும். பீர்க்குக்கும் பேய்ப்பீர்க்கு உண்டு.

நெல், தக்காளி, தட்டைப்பயறு இவையெல்லாம் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ப்பவை. கத்தரி, வெண்டை, மிளகாய் நடுவாந்தரம். பூச்சி வந்தால் ஓரளவு கலக்கும். சுரை, பீர்க்கு, பூசணி, வெள்ளரி எல்லாம் தாராளமாகக் கலப்பவை. கம்பும் மக்காச்சோளமும் காற்றிலேயே கலந்துவிடும்.

விதைச் சான்றளிப்பு விதிகளைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். நெல்லுக்கு ரகத்துக்கும் ரகத்துக்கும் இடையில் 3 மீட்டர் விட்டால் போதும். சுரைக் குடும்பத்துக்குச் சான்று விதையானால் 500 மீட்டர், ஆதார விதையானால் 1000 மீட்டர் விடவேண்டும். சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கமே ஏறக்குறைய 64 மீட்டர்தான். நம்மைப் போன்ற சிறு உழவர் 500 மீட்டருக்கு எங்கே போவது? அதற்குத்தான் கைவேலை இருக்கிறது.

விதை கொடுப்பவர் செய்ய வேண்டியது

சுரைப்பூ சாயங்காலம் மலரும். மதியம் மூன்று நாலு மணிக்குப் பந்தலுக்குள் போய், அன்றைக்கு மலரப்போகும் மொட்டுகளைப் பார்த்து, ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நுனியில் நூலால் கட்டிவிடுங்கள். அடியில் குட்டிப் பிஞ்சு இருப்பது பெண். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்து, ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் தடவுங்கள். வேறொரு நல்ல கொடியின் ஆண் பூவாக இருந்தால் இன்னும் நல்லது. உடனே பெண் பூவைத் துணிப்பையால் மூடிக் கட்டி, காம்பில் சிவப்பு நூல் ஒன்று கட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பையை எடுத்துவிடலாம். சிவப்பு நூல் கட்டிய காய்தான் விதைக்காய். பூசணி விடியற்காலையில் மலரும். அதற்கு முந்தின நாள் சாயங்காலமே மொட்டைக் கட்டவேண்டும்.

நெற்று வெளுத்துக் காய்ந்து, குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும்வரை கொடியிலேயே விடுங்கள். எடுத்த விதையை உச்சி வெயிலில் போடாமல் நிழலிலும் இளவெயிலிலும் காயவைத்து, சாம்பல் கலந்து வையுங்கள்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ரகத்தின் பெயர், விதை எடுத்த வருசம், எத்தனை கொடியிலிருந்து எடுத்தது, கையால் மகரந்தம் சேர்த்ததா இல்லையா, எந்தப் பட்டத்துக்கு ஏற்றது. அஞ்சு வரிதான். நான் அன்றைக்கு அதைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

விதை வாங்குபவர் கேட்க வேண்டியது

ஒன்று: "இது நாட்டு விதையா, கடையில் வாங்கின வீரிய ஒட்டிலிருந்து எடுத்ததா?" ஒட்டு ரகத்தின் விதை அடுத்த முறை தாயைப்போல வராது, பல விதமாகப் பிரியும்.

இரண்டு: "பக்கத்துல வேற என்ன ரகம் நின்னுச்சு?" நல்ல உழவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், சந்தோசப்படுவார்.

மூன்று: "எந்தப் பட்டத்துக்குப் போடலாம்?" மாப்பிள்ளைச் சம்பாவைக் குறுவையில் போட்டுவிட்டுக் கதிர் வரவில்லை என்று விதையைத் திட்டினால் நியாயமில்லை. பகல் பொழுது குறுகினால்தான் கதிர்விடும் ரகங்கள் நம்மிடம் நிறைய உண்டு.

நான்கு: "விதைக்காக விட்டதா, சமையலுக்குப் பறித்ததா?" கறிக்கு வாங்கின பிஞ்சுக் கத்தரி, வெண்டை, பீர்க்கிலிருந்து விதை எடுத்தால் முளைக்காது.

ஐந்தாவது உங்கள் வேலை. எல்லாவற்றையும் ஊன்றுவதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பாருங்கள். சான்று விதைக்குக் குறைந்த அளவாக நெல்லுக்கு 80, தக்காளி, கத்தரிக்கு 70, சுரைக்கு 60 விழுக்காடு முளைப்பு வைத்திருக்கிறார்கள்.

விலையிலும் பேரம் வேண்டாம். இரண்டு காயை நெற்றுக்கு விட்டால் அந்தக் கொடி தளர்ந்து, பிஞ்சு பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். விதையின் விலையில் பறிக்காமல் விட்ட காயின் விலையும் அடங்கியிருக்கிறது.

சட்டமும் சான்றிதழும்

"விதை விக்க உங்களுக்கு உரிமை இருக்கா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, உழவர் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் இடம் தருகிறது. பதிவு பெற்ற ரகமானால் முத்திரைப் பெயர் போட்ட விதையாக விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வேறு விசயம். இரசாயனம் இல்லாமல் விளைவித்ததற்கு அது சாட்சி. ஆனால் அந்தக் காய்க்குள் இருக்கும் விதை கலக்காதது என்று அது சொல்லாது. என் கசந்த சுரைக்கும் ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை. நஞ்சில்லாமல் விளைவித்தேன் என்ற பெருமையில், விதைக்குள் வந்த நஞ்சைப் பார்க்காமல் விட்டேன்.

திரும்பி வரும் விதை

ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் அய்யா 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருசம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். விதை பரவியதோடு, கொடுத்தவரும் வாங்கியவரும் மறுபடி சந்திக்கிற கட்டாயமும் அதில் வந்தது. ஏதாவது குறை இருந்தால் அந்தச் சந்திப்பில் தெரிந்துவிடும். அந்தத் தங்கச்சி தொலைபேசியில் கூப்பிடாமல் பேசாமல் இருந்திருந்தால், நான் இன்னும் எத்தனை பேருக்கு அந்த நெற்றிலிருந்து கொடுத்திருப்பேனோ!

அந்த விதை வாங்கின மற்ற நாலு பேருக்கும் அன்றைக்கே சொல்லி, கொடியைப் பிடுங்கச் சொன்னேன். அடுத்த பட்டத்தில் சிவப்பு நூல் கட்டிய காயிலிருந்து எடுத்த விதையைச் சீட்டோடு எல்லோருக்கும் கொடுத்தேன். தங்கச்சி சீட்டைப் படித்துவிட்டு, "இப்பத்தான் அண்ணே இது விதை" என்றார். அவர் மாடியில் காய்த்த முதல் காயின் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சமைத்தாராம். கசக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சொந்தத் தோட்டத்துக் காயாகவே இருந்தாலும்.

ஆடிப்பட்டத்துக்கு விதை கேட்டு வருவார்கள். கொடுக்கிறவர் சீட்டு எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர், காய்த்ததும் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.