சூடேறாத நுண்ணலை அடுப்பு

பண்ணுருட்டியை அடுத்த காடாம்புலியூர் முந்திரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். கொட்டையை உடைக்குமுன் அதை வறுப்பார்கள், அல்லது ஆவியில் வேக வைப்பார்கள். இரண்டிலும் சூடு வெளியிலிருந்து உள்ளே செல்கிறது. அவ்வூரில் ஒரு வீட்டில் நுண்ணலை அடுப்பு இருப்பதாகக் கொள்வோம். பேச்சு வழக்கில் இதனை மைக்ரோவேவ் அவன் என்கிறோம். இதில் நெருப்பே இல்லை. உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை மின்காந்த அலைகள் அலைக்கழிப்பதால் வெப்பம் உண்டாகிறது.

ஒரு நாள் காலை, உள்ளே விளக்கு எரிகிறது, தட்டு சுழல்கிறது, விசிறியும் ஓடுகிறது. ஆனால் இரண்டு நிமிடம் கழித்து எடுத்த இட்லி வைத்தபடியே சில்லென்று இருக்கிறது! கோளாறு எங்கே?

விளக்கு எரிவதை நம்பி ஏமாறக் கூடாது. விளக்கு, விசிறி, தட்டைச் சுழற்றும் மோட்டார் ஆகியவை ஒரு சுற்று. அலைகளை உண்டாக்கும் மாக்னட்ரான் என்னும் குழல் வேறு சுற்று. அதற்குச் சுமார் 4000 வோல்ட் வேண்டும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை மின்மாற்றி, மின்தேக்கி, டையோடு மூன்றும் சேர்ந்து அந்த அளவுக்கு உயர்த்துகின்றன. இவற்றில் ஒன்று பழுதானாலும் விளக்கு எரியும், தட்டு சுழலும், சூடு மட்டும் வராது.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் மாணவர்களே, சற்றுப் பொறுங்கள்! பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த மின்தேக்கி மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ரேடியோவைத் திறந்து பழகிய கைகூட இங்கே தவறிவிடும். மேல்மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

திறக்காமலே நாம் அறியக்கூடியவை பல. முதலில் திறன் அளவைப் பாருங்கள். அதைக் குறைத்து வைத்திருந்தால் பல அடுப்புகளில் மாக்னட்ரான் சில விநாடி ஓடும், சில விநாடி நிற்கும். ‘ம்ம்’ என்ற ஓசை வந்து வந்து போவது அதனால்தான். அது கோளாறு அன்று.

அடுத்து ஒரு சோதனை. கண்ணாடிப் பாத்திரத்தில் 1 லிட்டர் நீர் எடுத்து வெப்பநிலையைக் குறியுங்கள். வெப்பமானியை வெளியே எடுத்துவிட்டு, முழுத் திறனில் சரியாக 1 நிமிடம் ஓட்டுங்கள். நீரைக் கலக்கி மீண்டும் அளவிடுங்கள். 1 லிட்டர் நீரை 1° செ. உயர்த்தச் சுமார் 4200 ஜூல் வேண்டும். அதை 60 விநாடியால் வகுத்தால் 70. ஆகவே, ஏறிய பாகையை 70 ஆல் பெருக்கினால் நீருக்குக் கிடைத்த திறன் வாட்டில் வரும். 10 பாகை ஏறினால் 700 வாட். பாத்திரமும் சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் விடை சற்றுக் குறைவாகவே இருக்கும். ஒரு பாகைகூட ஏறவில்லையென்றால் பழுது உயர் மின்னழுத்தச் சுற்றுப் பக்கம்தான்.

மாலையில் 8 பாகை, பின்னிரவில் 10 பாகை என்று வந்தால்? அடுப்பைக் குறை கூறாதீர்கள். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் கம்பியின் கடைக்கோடி வீட்டில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். மின்சாரம் பிறக்கும் நெய்வேலி பக்கத்திலேயே இருந்தாலும் இது நேரலாம்!

ஓரிடம் கொதிக்க, ஓரிடம் குளிர்ந்திருப்பதும் உண்டு. அலைகள் சுவரில் மோதித் திரும்பி, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் மெலிந்தும் நிற்கின்றன. 2450 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.2 செ.மீ.; வலுத்த இடங்களுக்கு இடையே ஏறத்தாழ அதில் பாதி. சுழல்தட்டையும் அதனடி வளையத்தையும் எடுத்துவிட்டு, கவிழ்த்த பீங்கான் தட்டின்மேல் அப்பளங்களைப் பரப்பி அரை நிமிடம் ஓட்டுங்கள். சில திட்டுகள் மட்டும் பொரிந்திருக்கும். தட்டைச் சுழல வைத்ததன் காரணம் புரிகிறதல்லவா? வளையத்தில் பிசுக்குச் சேர்ந்து தட்டு நின்றுபோனால் உணவுக்கும் இதே கதிதான்.

தீப்பொறி பறந்தால் உடனே நிறுத்துங்கள். பொன்விளிம்பிட்ட பீங்கானா, உள்ளே மறந்துவிட்ட எவர்சில்வர் கரண்டியா என்று பாருங்கள். இரண்டும் இல்லையேல், உட்சுவரில் அலை வரும் வாயை மூடியிருக்கும் அபிரகத் தகட்டைக் கவனியுங்கள். எண்ணெய் தெறித்துக் கருகியிருந்தால் அங்கிருந்தே பொறி கிளம்பும். கருகிய தகட்டை மாற்றத்தான் வேண்டும். அதைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினால் ஆவியும் பிசுக்கும் அந்த வாய் வழியே புகுந்து மாக்னட்ரானையே கெடுத்துவிடும்.