மூலகங்களுக்கு இலக்கம் தந்த இளைஞர்

வார இறுதியில் லிட்கமில் தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களே! உங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடச் சுவரில் ஆவர்த்தன அட்டவணையைக் கண்டிருப்பீர்கள். ஐதரசனுக்கு 1, காபனுக்கு 6, பொன்னுக்கு 79 என ஒவ்வொரு மூலகத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மூலகத்தைத் தனிமம் என்று வழங்கும். இவ்விலக்கங்களின் உண்மைப் பொருளை ஆய்வினால் நிறுவிய அறிஞர், நாம் வாழும் இந்தச் சிட்னி நகருக்கு வந்து உரையாற்றியவர் என்பதைப் பலர் அறியார்.

நிலம், நீர், தீ, வளி, விசும்பு ஆகிய ஐந்தின் கலப்பே உலகம் என்றனர் நம் முன்னோர். தொல்காப்பியமும் இதனைக் கூறும். பொருள்களை வகுத்தறியும் வேட்கை மனித இனத்துக்குப் பொதுவானது. பிரான்சிய அறிஞர் லவோசியே 1789இல் 33 மூலகங்களைப் பட்டியலிட்டார். ஒளியும் வெப்பமும்கூட அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன!

1865இல் இங்கிலாந்தின் நியூலாண்ட்ஸ், மூலகங்களை அணுநிறைப்படி அடுக்கினால் எட்டாவது மூலகம் முதலாவதன் இயல்பை ஒத்திருக்கிறது என்றார். ஏழு சுரங்கள் முடிந்ததும் மீண்டும் ‘ச’ வருவது போன்றது இது. அறிஞர் அவையிலோ, “அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீரா?” என்ற பொருள்பட ஒருவர் எள்ளி நகையாடினார்.

1869இல் ரஷ்ய அறிஞர் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த 63 மூலகங்களை ஒழுங்குபடுத்தினார். பொருந்தாத இடங்களை அவர் வலிந்து நிரப்பவில்லை; வெற்றிடமாகவே விட்டார். சிலிக்கனுக்குக் கீழிருந்த வெற்றிடத்துக்கு, ‘ஒன்று’ எனப் பொருள்படும் வடசொல்லைச் சேர்த்து ‘ஏக சிலிக்கன்’ எனப் பெயரிட்டு, அதன் அணுநிறை 72 ஆகும் என்றார். 1886இல் ஜேர்மானியம் கண்டறியப்பட்டது. அதன் அணுநிறை ஏறத்தாழ 72.6.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. தெலூரியத்தின் அணுநிறை 127.6; அயடீனுடையது 126.9. நிறைப்படி அயடீனே முந்த வேண்டும். மெண்டலீவோ இயல்புகளைக் கருதித் தெலூரியத்தை முன்வைத்தார். இது சரியா?

விடை தந்தவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கிலேய இளைஞர். 1913இல் அவர் மூலகங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அவற்றின் மீடிறனின் வர்க்கமூலம், ஒரு மூலகத்திலிருந்து அடுத்ததற்குச் சமபடியாக உயர்வதைக் கண்டார். ஆகவே வரிசையைத் தீர்மானிப்பது நிறையன்று, அணுக்கருவின் நேர்மின்னேற்றமே என்பது புலனாயிற்று. அதுவே அணுவெண். தெலூரியம் 52, அயடீன் 53. மெண்டலீவ் வைத்த வரிசை சரியே! மேலும் 43, 61, 75 ஆகிய இடங்களில் மூலகங்கள் இன்னும் கண்டறியப்படவில்லை என்பதையும் மோஸ்லி சுட்டிக்காட்டினார்.

1914 ஆகஸ்டில் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றக் கழகத்தின் மாநாடு அவுஸ்திரேலியாவில் நடைபெற்றது. மெல்பேணில் அணுவின் அமைப்புப் பற்றிய கலந்துரையாடலில் மோஸ்லி பங்குகொண்டார். சிட்னியில் தமது ஆய்வை எடுத்துரைத்தார். அதற்குள் முதலாம் உலகப் போர் மூண்டுவிட்டது. விரைந்து தாயகம் திரும்பிய அவர் படையிற் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10இல் கலிப்பொலியில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். அப்போது அவருக்கு வயது 27. அவருடைய ஆசிரியராக விளங்கிய ருதர்போர்ட், விஞ்ஞானிகளைப் போர்முனைக்கு அனுப்பும் முறையைக் கண்டித்து எழுதினார்.

மோஸ்லி சுட்டிய இடங்கள் பின்னர் நிரம்பின: 75ஆவது ரேனியம் 1925இல், 43ஆவது தெக்னீசியம் 1937இல், 61ஆவது புரோமீத்தியம் 1945இல். அவற்றுள் ஒன்றையேனும் காண அவர் உயிரோடிருக்கவில்லை. இன்று அட்டவணையில் 118 மூலகங்கள் உள்ளன.

பெற்றோரே, ஏப்ரல் 25இல் அன்சாக் நினைவுநாளுக்காகப் பிள்ளைகள் கலிப்பொலி பற்றிப் படிக்கும்போது, ஆவர்த்தன அட்டவணையையும் அருகில் விரித்து, இந்த மூன்று இடங்களையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அறியாததை அறியோம் என ஒப்புக்கொண்டு வெற்றிடம் விடுவதும் அறிவே என்பதையும், ஒரு போர் எத்தகைய அறிவை அழித்துவிடும் என்பதையும் அவர்கள் ஒருங்கே உணர்வார்கள்.