தூசு படிந்த நெஞ்சும் பெட்டிக்கடை சிகரெட்டும்

நுரையீரல் நோயைப் பற்றிக் கோலார் தங்கவயலுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1940-களில் இங்கே சுரங்கத் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. பாறையைத் துளைக்கையில் பறந்த தூசு நெஞ்சில் தங்கியதால் வந்த வினை அது. அந்தத் தொழிலாளிகள் பிறக்கும்போதே பழுதான நுரையீரலோடு பிறந்தார்கள் என்று தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலோ மாரிக்குப்பத்திலோ சொல்லிப் பார்த்தால் அடிக்க வருவார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்களை மூடிய பிறகும், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைப் பார்க்கும் எவருக்கும் நோய் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் கிடையாது.

பேச்சு திருநங்கையர், தன்பாலீர்ப்பாளர் பக்கம் திரும்பியதும் இந்தத் தெளிவு எங்கோ போய்விடுகிறது.

“அவங்க அப்படித்தாங்க, தம் அடிக்கிறது அவங்க சுபாவம்” என்பது டீக்கடையில் எளிதாகக் காதில் விழும் நம்பிக்கை. இதில் பாதி கவனிப்பு, பாதி அபாண்டம். இவர்களை உள்ளடக்கிய பால்புதுமையரிடம் புகைப்பழக்கம் சற்றுக் கூடுதலாக இருப்பது கணக்கெடுத்த நாடுகளில் தெரிந்த செய்திதான். அமெரிக்காவில் 2020-ல் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட வயதுவந்தோரில் 16.1 சதவீதம் பேர் புகைத்தார்கள், மற்றவர்களில் 12.3 சதவீதம். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் படித்தால், நூறு பேரில் 84 பேர் சிகரெட்டைத் தொடுவதில்லை. சுபாவம் என்றால் இந்த 84 பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்தியாவில் 2016-17-ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பு பாலீர்ப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆகவே நம் ஊரில் அடித்துப் பேசுகிறவர்கள் கணக்கைப் பார்த்துப் பேசவில்லை.

கூடுதலான அந்தச் சில சதவீதத்துக்குக் காரணம் என்ன? 2003-ல் இலான் மேயர் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதிய ‘சிறுபான்மை மன அழுத்தம்’ என்ற கருத்து இங்கே உதவுகிறது. கேலி, அடி, வேலை மறுப்பு ஆகியவை வெளியிலிருந்து வருபவை. எந்நேரமும் இவற்றை எதிர்பார்த்துக் கொண்டிருப்பதும், தன்னை மறைப்பதும் உள்ளுக்குள் நடப்பவை. தங்கவயலில் இதைப் புரிந்துகொள்ள நெடுந்தூரம் போகவேண்டாம். விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் பெங்களூரு ரயில் ஏறுகிற கூட்டத்தில் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு பெயர், பெங்களூரில் நண்பர்கள் கூப்பிட வேறொரு பெயர். போகிற வழியில் ஒருவராக மாறி, வருகிற வழியில் பழைய ஆளாகத் திரும்பவேண்டும். ஸ்டேஷன் வாசலில் ஒற்றை சிகரெட்டுக்குக் கை நீளுவது அந்த இடைவெளியில்தான்.

சட்டமும் இந்தத் தூசில் தன் பங்கைச் சேர்த்தது. தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடி தளர்ந்தது 2018 செப்டம்பர் 6-ல்தான். கர்நாடகப் போலீஸ் சட்டத்தில் 2011-ல் நுழைந்த 36ஏ பிரிவு, திருநங்கையரைப் பெயர் சுட்டிச் சந்தேகப் பட்டியலில் வைக்க வழி செய்தது. அவர்களைச் சுட்டிய சொல்லை அந்தப் பிரிவிலிருந்து நீக்க 2016 வரை ஆயிற்று.

அடுத்த நம்பிக்கை, “ஒரு தம் போட்டா டென்ஷன் குறையும்.” புகைப்பவர் பொய் சொல்லவில்லை, குறைவதை அவர் உணரத்தான் செய்கிறார். இழுத்த சில நொடிகளிலேயே நிகோடின் மூளையைத் தொட்டுவிடும். ஆனால் அது தணிப்பதில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்த படபடப்பு. வட்டி கட்டக் கடன் வாங்குகிற கதை. 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன.

“சிகரெட் கம்பெனிக்கு எல்லாரும் ஒண்ணுதான்” என்பது சற்று அப்பாவித்தனமான நம்பிக்கை. 1990-களின் நடுவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பு ஆண்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் போட்டது. அதற்கு உள்ளே வைத்த சுருக்கப் பெயர் ‘ஸ்கம்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கசடு, இழிந்தவர் என்றெல்லாம் பொருள். பிறகு நிறுவனத்தின் காகிதங்கள் வெளிவந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஒதுக்கப்பட்டவர்களை விளம்பரத்தோடு நாடி வந்தவர்களில் புகையிலைக் கம்பெனியும் உண்டு.

“நான் புகைக்கிறதில்ல, ஹான்ஸ் மட்டும்தான்.” வாயில் அடக்கும் புகையிலையான ஹான்ஸைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் புகைத்தவர்கள் 10.7 சதவீதம், வாயில் அடக்கும் புகையிலைக்காரர்கள் 21.4 சதவீதம். வாய்ப்புற்றுநோய் பொட்டலத்தைப் பார்த்து வருவதில்லை.

கவலை தருவது வேறொன்று: “ஏற்கெனவே மருந்து, ஹார்மோன், ஆஸ்பத்திரின்னு அலையிறோம், இதுல பீடி என்ன பண்ணிடும்?” நிறையப் பண்ணும். ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைக்கு ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் உண்டு. புகை அதை ஏற்றிவிடும். பாலின உறுதிப்பாட்டு அறுவைக்குப் பிறகு புண் ஆறுவதையும் அது தாமதப்படுத்தும். டென்மார்க்கில் முறையாக ஹெச்ஐவி சிகிச்சை பெறுபவர்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான கணக்கின்படி, ஹெச்ஐவியால் அவர்கள் இழந்த ஆயுள் சுமார் 5 ஆண்டு, புகையால் இழந்தது சுமார் 12 ஆண்டு. மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கிவிட்டு வாசலில் நின்று பற்றவைப்பவருக்கு இதைச் சொல்வதற்கு அரைநிமிடம் போதும். சொல்லத்தான் ஆள் வேண்டும்.

குருவும் சேலா எனப்படும் சீடர்களுமாகத் திருநங்கையர் சேர்ந்து வாழும் ஜமாத்தைப் பற்றி, “ஜமாத்துல சேர்ந்தா கெட்டுப் போவாங்க” என்பதும் உண்டு. கூடி உட்கார்ந்தால் பொட்டலம் கைமாறுவது உண்மைதான், அது ஐ.டி. கம்பெனி வாசலிலும் நடக்கிறது. ஆனால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவருக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்தது அந்தக் குருவும் சேலாக்களும்தான். வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, விட நினைப்பவருக்கு உண்மையாகவே உதவும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு குரு சொல்லும் “வாசலுக்குள்ள வேணாம்மா” என்பதற்குள்ள எடை, சுவரில் ஒட்டிய எச்சரிக்கைக்குக் கிடையாது. பெற்ற வீடு கதவைத் திறந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. குடும்பம் ஏற்றுக்கொண்டவர்களிடம் மனச்சோர்வும் போதைப்பழக்கமும் குறைவு என்பது திரும்பத் திரும்பக் கண்டது.

கடைசியாக, “அவங்களுக்கு விடணும்னே தோணாது.” நாட்டில் புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட எண்ணியிருந்ததாக அதே 2016-17 கணக்கெடுப்பு சொல்கிறது. பால்புதுமையர் மட்டும் விலக்கு என்று நினைக்க ஆதாரம் இல்லை. உதவியும் இருக்கிறது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் இதற்கான மையம் உண்டு. போனில் பேசுவதால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, ‘ஆணா பெண்ணா’ என்ற பார்வையைத் தாங்கவேண்டியதில்லை.

2018 செப்டம்பர் முதல் இந்த எண் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் அச்சாகிறது. கர்நாடகத்தில் சிகரெட்டை உதிரியாக விற்பதற்கு 2017-லேயே தடை வந்தது. என்றாலும் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் இன்னும் கிடைக்கிறது. ஒன்று, இரண்டு என்று வாங்கிப் பற்றவைப்பவர் கைக்கு அந்தப் பெட்டி வருவதே இல்லை.