மருத்துவச் செய்தியை நம்பும் முன்…

‘இதைச் சாப்பிட்டால் புற்றுநோய்’, ‘அதைக் குடித்தால் இதயம் பலப்படும்’ என்று தினம் ஒரு செய்தி வருகிறதா? பதறாமல் இவற்றைக் கவனியுங்கள்.

1. தலைப்போடு நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். சோதனை எலியிலா, மனிதரிலா என்பது பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். எலிக்குப் பலித்த மருந்துகள் பல மனிதருக்குப் பலிப்பதில்லை.

2. சதவீதத்தைக் கண்டால், ‘எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?’ என்று கேளுங்கள். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் 18 சதவீதம் கூடினால், ஏறக்குறைய 6 பேருக்கு வரும். 23 பேருக்கு அல்ல.

3. ‘தொடர்பு உண்டு’ என்பதைக் ‘காரணம்’ என்று படிக்காதீர்கள். காபி பிரியர்களில் பலர் புகைபிடிப்பவர்களாகவும் இருந்ததால், பழைய ஆய்வுகள் சிலவற்றில் பழி காபி மேல் விழுந்தது.

4. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள். விற்பவரே செலவு செய்த ஆய்வில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

5. ஒரே ஆய்வை வைத்து முடிவெடுக்காதீர்கள். வேறு குழுவினரும் அதே முடிவைக் கண்டால்தான் அதற்கு வலு.

செய்தியைப் படித்துவிட்டு, சாப்பிட்டுவரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.