கைப்பேசியும் கணிப்பொறியும்

காவிரி பல கிளைகளாய்ப் பிரிந்து, சோழவளநாட்டின் வயல்களை ஊட்டிய பின்னர்க் கடலைச் சேரும் இடங்களுள் முத்துப்பேட்டையும் ஒன்றாகும். திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது இவ்வூர். பாமணியாறு, கோரையாறு முதலியன இதனைக் கடந்து சென்று காயலிற் கலக்கின்றன. காயலைச் சூழ்ந்து அலையாத்திக் காடு பசுமையாய்ப் பரந்து கிடக்கின்றது. நெல்லும் தென்னையும் மீனும் இவ்வூரார்க்கு வாழ்வளிப்பன. கடல் கடந்து சென்று பொருளீட்டுதலும் இவர்க்குப் பழகிய ஒன்றே. முன்னோர் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். இந்நாளில் வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பலர்.

இத்தகைய ஊரில் ஒரு வீட்டினுள்ளே பல நாட்டுப் பொறிகள் வந்து சேர்வது வியப்பன்று. வெளிநாட்டில் தொழில் செய்யும் தமையன் விடுமுறையில் வரும்பொழுது கைப்பேசி ஒன்றைக் கொணர்கின்றான். அஃது ஒரு நிறுவனத்தார் செய்தது. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி தங்கை பள்ளியிற் பெற்ற மடிக்கணிப்பொறியோ பிறிதொரு நிறுவனத்தாரது. இரண்டும் அருகருகே மேசைமீது கிடக்கும். ஆயினும் ஒன்றன் செய்தியை மற்றொன்று ஏற்பதில்லை. “ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல இருக்கின்றனவே!” என்று பாட்டி நகைப்பாள். பங்காளிகளின் பிணக்குக்குக் காரணம் காணல் அரிது. பொறிகளின் பிணக்குக்கோ காரணம் உண்டு. அதனை ஈண்டுக் காண்போம்.

செய்தி ஒன்று ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குச் செல்ல வேண்டுமாயின், முதற்கண் வழி வேண்டும். அடுத்து, இரண்டும் அறிந்த நெறி ஒன்று வேண்டும். பின்னர், சென்ற செய்தியைப் படித்தற்குரிய எழுத்தும் வடிவும் பொதுவாய் இருத்தல் வேண்டும்.

வழியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. முன்னாளில் நிறுவனந்தோறும் வெவ்வேறு வாயுடைய கம்பிவடங்கள் இருந்தன. 1996-ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறை தோன்றிற்று. 2014-இல் அதன் ‘சி’ வகை வாய் வகுக்கப்பெற்றது. எப்பக்கம் திருப்பிச் செருகினும் பொருந்துவது அது. ஆப்பிள் நிறுவனத்தார் தம் கைப்பேசிக்கெனத் தனி வாயொன்றை 2012 முதல் வைத்திருந்து, 2023-இல் அதனைக் கைவிட்டுப் பொது வாய்க்கு வந்தனர். ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்பெறும் புதிய கைப்பேசிகட்கு இப்பொது வாயைக் கட்டாயமாக்கியது. வணிகப் போட்டியாளர் தாமாக ஒன்றுபடாதபொழுது சட்டம் அவர்களை ஒன்றுபடுத்தும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

கம்பியில்லா வழிகளுள் புளூடூத் என்பது ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கு நாட்டை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயரே அதற்கு வைக்கப்பெற்றது. எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோசிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-இல் கூடி அதனை வளர்க்க முற்பட்டன. அவ்வழியே செவிப்பொறிகள் எல்லாக் கைப்பேசிகளோடும் இணைகின்றன. ஆயினும், ஆப்பிள் கைப்பேசியிலுள்ள படத்தைப் புளூடூத் வழியாக விண்டோசு கணிப்பொறிக்கு அனுப்ப முயல்வோர் ஏமாற்றம் அடைவர். வழி திறந்திருப்பினும், அந்நிறுவனத்தார் அவ்வழியே கோப்பு செல்ல இசைவதில்லை.

இனி, நெறியைக் காண்போம். ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பியால் கணிப்பொறியோடு இணைத்தவுடன் மின்னேற்றம் மட்டுமே நிகழும். கோப்பு ஒன்றும் தோன்றாது. பொறி பழுதுபட்டது எனப் பலர் எண்ணுவதுண்டு. பழுதன்று அது, காவல். கைப்பேசியின் திரையில் தோன்றும் அறிவிப்பைத் தொட்டு, ‘கோப்பு மாற்றம்’ என்பதைத் தெரிந்தெடுத்தால், எம்.டி.பி. என்னும் நெறியில் இரண்டும் பேசத் தொடங்கும். விண்டோசு அந்நெறியை அறியும். ஆப்பிளின் கணிப்பொறிக்கு அந்நெறி இயல்பாய் வாராது. தனி மென்பொருள் ஒன்றை அதனுள் நிறுவிக்கொள்ளல் வேண்டும். கைப்பேசியும் கணிப்பொறியும் வீட்டிலுள்ள ஒரே கம்பியில்லா வலையில் இருப்பின், ‘லோக்கல்சென்டு’ போன்ற கட்டணமில்லா மென்பொருள் எவ்வகைப் பொறிக்கும் உதவும். அதற்கு இணையத் தொடர்பும் வேண்டுவதில்லை.

ஆப்பிள் கைப்பேசியைப் பிற நிறுவனக் கணிப்பொறியோடு இணைக்கும்பொழுது, “இக்கணிப்பொறியை நம்பலாமா?” என அது வினவும். நம் வீட்டுக் கணிப்பொறியாயின் நம்புக எனலாம். கடைத்தெருவில் அச்செடுக்கும் கடைக்காரர் பொறியாயின், அவர் எத்துணை நல்லவராயினும், அவ்வாறு விடையளித்தல் தகாது. தந்தையின் கடவுச்சீட்டுப் படமும் தாயின் வங்கிக் கணக்கும் கைப்பேசியினுள்ளே இருக்கின்றன அல்லவா? வேண்டிய படம் ஒன்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.

படங்களிலும் வடிவ வேறுபாடு உண்டு. 1992-இல் வகுக்கப்பெற்ற ஜேபெக் என்னும் வடிவை ஏறத்தாழ எல்லாப் பொறிகளும் அறியும். 2017 முதல் ஆப்பிள் கைப்பேசிகள், சிறிய இடத்தில் அடங்கும் ஹைக் என்னும் வடிவில் படங்களைச் சேர்த்து வைக்கின்றன. பிற கணிப்பொறிகள் பலவற்றில் அது திறவாது. படக்கருவியின் அமைப்பில் ‘பொருந்தும் வடிவு’ என்பதைத் தெரிந்தெடுத்துவிட்டால், அதன்பின் எடுக்கும் படங்கள் எங்கும் திறக்கும்.

படத்தினும் நமக்கு இன்றியமையாதது எழுத்து. ஒரு பொறியில் எழுதிய தமிழ் மற்றொரு பொறியில் தமிழாகவே தோன்றுமா என்னும் வினா, தமிழ் படிப்போர் எல்லாரும் கருத வேண்டிய ஒன்றாகும்.

இவ்வினா புதியதன்று. ஓலைச் சுவடியைப் படிக்கப் புகுந்த அறிஞர் இதே இடர்ப்பாட்டை எய்தினர். ஓலையில் புள்ளியிட்டால் கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டனர். எகரக் குறிலும் ஏகார நெடிலும் வேறுபாடின்றி நின்றன. காலும் ரகரமும் ஒன்றேபோல் தோன்றின. சோழநாட்டு உத்தமதானபுரத்தைச் சேர்ந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தற்கு முன்னர்ப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்க வேண்டியிருந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் ஐயமின்றிப் படித்தற்குரிய பொதுமுறை இல்லாமையே அவருற்ற உழைப்பிற்கு ஒரு காரணமாகும்.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என ஒரு பட்டியல் வைத்துக்கொண்டே அஃது எழுதுகின்றது. அமெரிக்க நாட்டினர் 1963-இல் வகுத்த ஆஸ்கி என்னும் பட்டியலில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துக்களும் எண்களும் குறிகளும் அவற்றை நிரப்பிவிட்டன. தமிழுக்கு இடம் இல்லை. ஆகவே, தமிழ் எழுத்துருச் செய்தோர் ஓர் உபாயம் கண்டனர். எண்ணை மாற்றாமல், அவ்வெண்ணுக்குரிய ஆங்கில எழுத்தின் உருவை நீக்கித் தமிழெழுத்தின் உருவை வைத்தனர். பாமினி என்னும் எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தோன்றும். அதே கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால், எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே எஞ்சி நிற்கும். அம்மையைக் காணோம்! அன்றியும், எழுத்துருச் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியவாறு உருக்களை அமைத்தமையால், ஒருவரது எழுத்துருவில் எழுதியதை மற்றொருவரது எழுத்துரு படிக்க இயலாதாயிற்று.

இக்குழப்பத்தால் விளைந்த இடர் ஒன்றை யான் நேரில் அறிவேன். முத்துப்பேட்டைப் பக்கத்தில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவர், காயலில் மீன்பிடிப்போரும் உப்பளத் தொழிலாளரும் வழங்கும் சொற்களைப் பல்லாண்டு கேட்டுத் தொகுத்துத் தம் கணிப்பொறியில் எழுதி வைத்திருந்தார். தில்லை மரத்தின் பால் கண்ணிற் படலாகாது என்பது முதலாக, உமரிச் செடியின் பயன் ஈறாகப் பல செய்திகள் அதில் இருந்தன. அவர் மறைந்த பின், 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் அவர் வீட்டுக் கூரையையும் பெயர்த்தது. தென்னைகள் வீழ்ந்தன, கணிப்பொறியும் மழையில் நனைந்து கெட்டது. நல்வினையாக, அவர் மகள் அக்கோப்பினைத் தம் கைப்பேசியில் முன்னமே படியெடுத்திருந்தார். ஆனால், கைப்பேசியில் திறந்தபொழுது ஒரு சொல்லேனும் தமிழாய்த் தோன்றவில்லை. புதிய மடிக்கணிப்பொறியிலும் அதே நிலை. கோப்பே சிதைந்தது எனக் கருதி அழித்துவிட இருந்த நேரத்தில், கல்லூரி மாணவன் ஒருவன் அக்குறிகளைக் கூர்ந்து நோக்கினான். அரைப்புள்ளி அடிக்கடி வருதலைக் கண்டு, “இது மெய்யெழுத்தின் புள்ளியாகத்தான் இருக்க வேண்டும், அக்கா!” என்றான். பழைய எழுத்துரு இன்னதென உய்த்துணர்ந்து, மாற்றும் மென்பொருளால் அனைத்தையும் பொது எழுத்துக்குக் கொணர்ந்தான். எழுத்துப்பிழை நோக்கும் பணி என்னிடம் வந்தது. காலிட வேண்டிய இடங்கள் சிலவற்றில் ரகரம் இருந்தது. சுவடிக் காலத்துப் பிழை கணிப்பொறிக்கும் வந்துவிட்டதே என்று எண்ணிக்கொண்டு திருத்தினேன்.

அம்மாணவன் மாற்றித் தந்த பொது எழுத்தே யூனிகோடு. தமிழில் ஒருங்குறி என்பர். உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் அளிக்கும் இப்பட்டியல் 1991-இல் வெளிவந்தபொழுதே தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. எந்நாட்டில் எந்நிறுவனத்தார் செய்த பொறியாயினும், யூனிகோடைப் பின்பற்றுமாயின் இவ்வெண்கள் மாறா. ‘அம்மா’ என்பது 2949, 2990, 3021, 2990, 3006 என்னும் ஐந்து எண்களாய்ச் செல்கின்றது. சென்ற இடத்தில் அழகு வேறுபடலாம், எழுத்து வேறுபடாது.

எனினும், இலக்கணம் பயின்றோர் இப்பட்டியலைக் கண்டு முற்றிலும் மகிழ்தல் இயலாது. மேலே காட்டிய எண்களை மீண்டும் நோக்குக. மகர மெய்க்குத் தனியெண் இல்லை. உயிர்மெய்யாகிய மகரத்தின் எண் 2990. அதனோடு புள்ளியின் எண் 3021 சேர்ந்தே மெய் பிறக்கின்றது. மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் ஆகும் என்பது நம் நூல்வழக்கு. இங்கோ உயிர்மெய்யிலிருந்து உயிரை நீக்கி மெய்யைப் பெறுகின்றோம்! இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே வாய்பாடாக 1988-இல் வகுத்த பட்டியலைத் தழுவியமையால் இது நேர்ந்தது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாய்க் கிடத்தலும் அதனாலேயே. அவை வடமொழி வருக்க எழுத்துக்களுக்கு உரியவை. மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடம் தரும் ‘டேஸ் 16’ என்னும் வேறொரு முறையையும் அறிஞர் அமைத்தனர். தமிழ்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் ஏற்று ஆணை பிறப்பித்தது. இலக்கணத்தோடு பொருந்துவது பின்னதே. ஆயினும் உலகப் பொறிகள் யாவும் முன்னதையே அறியும் ஆதலின், முன்னதைக் கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. ஒன்று சொல்லலாம்: ‘கொ’ என்பதில் கொம்பை இடப்புறம் முதலில் எழுதினும், யூனிகோடு ககரத்தை முன்னும் ஒகரக் குறியை அதன் பின்னுமே வைக்கின்றது. கண் காணும் முறையை விட்டுச் செவி கேட்கும் முறையைக் கொண்ட இவ்வொன்று நம் இலக்கணத்துக்கு இசைந்ததே.

எண் பொதுவாயின பின்னரும், விசைகளின் அமைப்பு வேண்டுமல்லவா? 1999-இல் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 என்னும் விசைப்பலகை உருவாயிற்று. மலேசிய நாட்டினராகிய முத்து நெடுமாறன், முரசு என்னும் தமிழ் மென்பொருளை 1985-இல் தொடங்கியவர். 2005-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் செல்லினம் என்பதை வெளியிட்டுக் கைப்பேசியில் தமிழெழுத வழி செய்தார். 2013 முதல் ஆப்பிள் கைப்பேசிகளிலும் அஞ்சல், தமிழ் 99 ஆகிய விசைப்பலகைகள் இயல்பாகவே அமைந்துள்ளன. கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஒரே விசைப்பலகையைத் தெரிந்துகொள்ளும் மாணவர்க்கு விரல் தடுமாறாது.

ஒருங்குறியில் எழுதினும் ஓரிடத்தில் விழிப்பு வேண்டும். ஔகாரத்தின் எண் 2964. விசை தெரியாதோர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து எழுதி ஔகாரம்போல் தோன்றச் செய்கின்றனர். அது 2962, 2995 என்னும் இரண்டு எண்களாய் நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உங்கள் கைப்பேசியில் ‘ஔவையார்’ என்பதை இருவகையாலும் எழுதி, கணிப்பொறிக்கு அனுப்பி, அங்குத் தேடுமிடத்தில் ஔகார விசையால் அச்சொல்லை எழுதித் தேடிப் பாருங்கள். பொறி இரண்டு ஔவையாருள் ஒருவரை மட்டுமே காட்டும்.